காளங்கன்றை ஏருக்குப் பழக்குவது எப்படி?
(வானொலியில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

இப்போது உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அறுவடைக்கும் எந்திரம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் காளங்கன்றைப் பழக்குவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் நடுவே களை ஓட்ட வேண்டுமென்றால் டிராக்டர் உள்ளே போகாது. அரை ஏக்கர் துண்டு நிலத்தில் திரும்பவும் அதற்கு இடம் பற்றாது. சாணமும் கோமியமும் அது போடாது. அதனால்தான் கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர் சந்தையிலும் நன்றாகப் பழகிய ஒரு ஜோடிக்கு இன்றைக்கும் நல்ல கிராக்கி இருக்கிறது.

மாடு வைத்திருந்தவர்கள் குறைந்து போனார்கள், சரி. மாடு பழக்கத் தெரிந்த பெரியவர்கள் அதைவிட வேகமாகக் குறைந்து போனார்கள். அதுதான் இப்போதைய சங்கடம். நல்ல கன்றாகப் பார்த்து வாங்கி வருகிறான் ஒரு இளைஞன். முதல் நாளே கழுத்தில் நுகத்தடியைப் போடுகிறான். கன்று மிரள்கிறது, இவன் அடிக்கிறான், அது படுத்துக்கொள்கிறது. ஒரே மாதத்தில் ‘சண்டி மாடு’ என்று பெயர் வாங்கி, பாதி விலைக்குக் கசாப்புக்குப் போகிறது. குற்றம் கன்றின்மேல் இல்லை. தொடங்கிய விதம்தான் தப்பு. முதல் இரண்டு மாதத்தில் கன்று எதைக் கற்றுக்கொள்கிறதோ, அதைத்தான் பதினைந்து வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளும்.

எந்தக் கன்றைத் தேர்ந்தெடுப்பது?

நம் நாட்டு இனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. காங்கேயம் மாடு பாரம் இழுப்பதில் பேர் போனது. அந்தக் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் கழித்துத்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஆகவே சின்னக் கன்றின் நிறத்தைப் பார்த்து ‘இது காங்கேயம் இல்லை’ என்று தள்ளிவிட வேண்டாம். தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்து உம்பளச்சேரி உருவத்தில் சிறியது, சேற்று உழவுக்கு அதுவே ஏற்றது. பர்கூர் மலை மாடு செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். வேகம் உண்டு, கூடவே முன்கோபமும் உண்டு. மலையில் பட்டியாக மேய்ந்து வளர்வதால் ஆள் வாடை அதற்குப் புதிது. காங்கேயம் கன்றுக்குப் பத்து நாள் என்றால் பர்கூர் கன்றுக்கு இருபது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

உடலமைப்பில் மார்பு அகலமாக இருக்க வேண்டும். முதுகு நேராகவும் கழுத்து தடித்துக் குட்டையாகவும் இருப்பது நல்லது. நடக்கவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். பின்னங்கால் முட்டிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. குளம்பு கறுத்து, கெட்டியாக, இடைவெளி அதிகம் இல்லாமல் இருக்க வேண்டும்.

சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதோடு கூட இன்னொன்றையும் பாருங்கள். கன்றின் அருகே நீங்கள் மெதுவாகப் போகும்போது அது என்ன செய்கிறது? தலையைத் தூக்கி, காதை முன்னால் நீட்டி உங்களைக் கவனித்துவிட்டு, பிறகு மேய ஆரம்பித்தால் அது நல்ல அறிகுறி. ஆளைக் கண்டதும் கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பதும், எதற்கும் அசையாமல் தூங்கி வழிவதும் பழக்கச் சிரமம் கொடுக்கும்.

வயதும் பல்லும்

மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பற்கள், எட்டு. பால்பல் விழுந்து முதல் இரண்டு நிலைப்பல் முளைக்க ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதாகும். மூன்று வயதில் நாலு பல். எட்டுப் பல்லும் சேர நாலரை, ஐந்து வயது ஆகிவிடும்.

கையில் பழக்குவதையும் கயிற்றில் நடத்துவதையும் ஒரு வயதிலேயே தொடங்கலாம். இரண்டு பல் போட்ட பிறகு நுகத்தடி. நாலு பல்லுக்கு இலேசான வேலை. முழு நாள் உழவும் பார வண்டியும் பல் சேர்ந்த பிறகே. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எலும்பும் மூட்டும் முற்றுவதற்கு முன் பாரம் இழுத்த மாடு ஏழெட்டு வயதிலேயே கால் தாங்க ஆரம்பித்துவிடும். கன்று துடியாக இருக்கிறதே என்று இரண்டு பல்லிலேயே ரேக்ளா வண்டியில் பூட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

காயடிப்பும் மூக்கணாங்கயிறும்

இரண்டு வயதுவாக்கில் காயடித்துவிடலாம். கல்லையும் கட்டையையும் வைத்து நசுக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம். கால்நடை மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பர்டிசோ இடுக்கியால் விதை நரம்பை மட்டும் நசுக்கிவிடுவார். தோலில் வெட்டுக்காயம் இல்லாததால் புழு வைக்கும் பயம் குறைவு. அதன் பிறகு வீக்கம் முழுதாக வடியும் வரை, ஒரு மாதமாவது, கன்றுக்கு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

மூக்கு குத்தும் இடம் முக்கியம். இரண்டு நாசிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தால், உள்ளே கெட்டியான குருத்தெலும்பும் அதற்கு முன்னால் மெத்தென்ற ஜவ்வும் தட்டுப்படும். ஜவ்வில்தான் குத்த வேண்டும். குருத்தெலும்பில் குத்தினால் புண் ஆறாது. மிகவும் முன்னால் தள்ளிக் குத்தினால் ஒரு நாள் இழுப்பில் மூக்கு கிழிந்துவிடும். மழைக்காலத்தில் ஈ மொய்க்கும், ஆகவே வெயில் காலத்தில் குத்துவது நல்லது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுங்கள். புண் ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்தக் கயிற்றைத் தொட்டு இழுக்கவே கூடாது. ஆறாத மூக்கில் இழுபட்ட கன்று, கயிற்றைப் பிடிக்கும் கையைப் பகையாக நினைத்துக்கொள்ளும்.

கன்றின் கண்ணும் காதும்

மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. முன்னாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சுற்றி உள்ளது அத்தனையும் அதற்குத் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து நீங்கள் போனால், ஏதோ ஒன்று தன்னைப் பிடிக்க வருகிறது என்றுதான் அது நினைக்கும், உதைக்கும். எப்போதும் பக்கவாட்டில், குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

இன்னொன்று, தரையில் கிடக்கும் நிழல், தண்ணீர் தேங்கிய பள்ளம், வேலியில் ஆடும் பிளாஸ்டிக் பை இவற்றின் ஆழமும் தூரமும் அதற்குச் சட்டென்று பிடிபடாது. தலையைக் குனிந்து, நின்று பார்த்தால்தான் தெரியும். ‘பள்ளத்தைக் கண்டு நிக்குது, சோம்பேறி’ என்று அடிக்கிறோம். அது சோம்பல் இல்லை. பத்து நொடி நிற்கவிடுங்கள், முகர்ந்து பார்த்துவிட்டு அதுவே தாண்டிவிடும்.

நீங்கள் நிற்கும் இடமும் அதற்கு ஒரு சொல் மாதிரிதான். முன்னந்தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே நகரும். தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். பழைய ஏரோட்டிகளுக்கு இது கைப்பழக்கமாக வந்திருந்தது. அதனால்தான் அவர்கள் குச்சியைத் தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பழக்கத்தின் சூட்சுமம்: தளர்த்துவது

இந்த உரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுப்பதால் கன்று கற்றுக்கொள்வதில்லை. இழுத்த கயிற்றைத் தளர்த்துவதால்தான் கற்றுக்கொள்கிறது.

கயிற்றை மெதுவாக இழுத்துப் பிடிக்கிறீர்கள். கன்று காலை ஊன்றி நிற்கிறது. நீங்கள் இழுப்பைக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அப்படியே பிடித்திருங்கள். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கழித்து அது ஒரு காலை முன்னே வைக்கும். அந்த நொடியே கயிற்றைத் தளர விடுங்கள். தலையைத் தடவுங்கள். ‘ஓகோ, அடி வைத்தால் தொல்லை தீர்கிறது’ என்று அதன் மூளையில் பதியும். இரண்டாம் நாள் அரை நிமிஷத்தில் நடக்கும். நாலாம் நாள் கயிறு விறைப்பதற்குள் நடக்கும்.

நாம் செய்வது என்ன? அது நடந்த பிறகும் இழுத்துக்கொண்டே போகிறோம். நடந்தாலும் வலி, நடக்காவிட்டாலும் வலி என்றால், அது ஏன் நடக்க வேண்டும்? படுத்துக்கொள்கிறது. அல்லது, அது முண்டியதும் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிடுகிறோம். முண்டினால் விடுவார்கள் என்று அதையும் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. குதிரை பழக்குகிறவர்கள் கடிவாளத்தில் கையாள்வதும் இதே சூட்சுமம்தான்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இடுப்பிலும் கட்டிக்கொள்ளாதீர்கள். மிரண்ட கன்று இழுத்தால் விரல் போகும், ஆளே போகவும் கூடும். கயிற்றை மடித்துப் பிடியுங்கள், சுற்றிப் பிடிக்கக் கூடாது.

வாரவாரியாகப் பழக்கம்

முதல் வாரம், தொடுவது மட்டும். காலையும் மாலையும் கால் மணி நேரம். கழுத்து, திமில், வயிறு, கால், குளம்பு என்று உடம்பு முழுவதும் கை படட்டும். வைக்கோல் பிரியால் தேய்த்துவிடுங்கள். நுகத்தடி உட்காரப் போகும் கழுத்தின் மேல்பக்கத்தில் அதிக நேரம் கையை வைத்து அழுத்திப் பழக்குங்கள். ஒரே ஆள் பழக்குவது நல்லது.

இரண்டாம் வாரம், நடை. நடக்க ஒரு சொல், நிற்க ஒரு சொல். ஊருக்கு ஊர் சொல் மாறும், எந்தச் சொல்லானாலும் சரி, அதையே எப்போதும் சொல்லுங்கள். நாக்கைச் சொடுக்கினால் நடக்க வேண்டும், ‘ஹோ’ என்றால் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்ல வேண்டும். முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள். நிற்கத் தெரிந்த மாட்டை என்ன வேலைக்கும் நம்பலாம்.

மூன்றாம் வாரம், வெறும் நுகத்தடி. இலேசான கட்டையாக இருக்கட்டும். முகர்ந்து பார்க்கவிட்டுக் கழுத்தில் வையுங்கள், பூட்டாங்கயிறு போடாமல் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு பூட்டலாம். பூட்டாங்கயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும்.

நான்காம் வாரம், பழகிய மாட்டோடு ஜோடி. துணைக்குக் கட்டுவது நிதானமான, வயதான மாடாக இருக்க வேண்டும். வேறு எந்த வாத்தியாரைவிடவும் இது நல்ல வாத்தியார். எந்தப் பக்கத்தில் வேலை வாங்கப் போகிறீர்களோ, இடத்து மாடோ வலத்து மாடோ, அந்தப் பக்கத்திலேயே கட்டுங்கள். முதலில் ஒன்றையும் இழுக்காமல் வெறுமனே நடக்கட்டும்.

ஐந்தாம் வாரம், இழுவை. பழைய டயர் ஒன்றைக் கட்டி இழுக்கவிடுங்கள். பத்துப் பதினைந்து கிலோ போதும். பின்னால் ஏதோ சரசரவென்று துரத்தி வருகிறதே என்றுதான் கன்று மிரளும். அதனால் முதல் இரண்டு நாள் வேறு ஒருவர் அந்த டயரைக் கன்றுக்கு முன்னாலும் பக்கத்திலும் இழுத்துக் காட்ட வேண்டும். ஓசை பழகிய பிறகு கட்டுங்கள்.

ஆறாம் வாரத்துக்கு மேல் ஏற்கெனவே உழுது பொலபொலவென்று இருக்கும் காட்டில் பரம்பு, பிறகு இலேசான ஏர். கால் மணியில் தொடங்கி அரை மணி, ஒரு மணி என்று கூட்டுங்கள். வண்டி கடைசியில்தான். முதலில் காலி வண்டி, சமதரை. இறக்கத்தில் புதுக் கன்றைப் பூட்டவே கூடாது.

ஒவ்வொரு நாளும் கன்று நன்றாகச் செய்யும்போதே நிறுத்திவிடுங்கள். ஒரு கை பிண்ணாக்கு கொடுங்கள். ‘இன்னும் ஒரு சுற்று’ என்று ஆசைப்பட்டு, அது களைத்து முரண்டு பிடித்த பிறகு அவிழ்த்தால், முரண்டு பிடித்தால் அவிழ்ப்பார்கள் என்றுதான் அன்றைய பாடம் முடியும்.

பாரத்தைப் பங்கு போடும் கணக்கு

நன்கு பழகிய மாடு தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையோடு மணிக்கணக்காக இழுக்கும். நானூறு கிலோ மாட்டுக்கு நாற்பது கிலோ இழுவை. இளங்கன்றுக்கு அதில் பாதிகூடக் கூடாது.

பழைய மாட்டோடு பூட்டும்போது இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நுகத்தடியில் ஏர்க்கால் கட்டும் இடம் சரி நடுவில் இருந்தால் இரண்டுக்கும் சம பாரம். இரண்டு கழுத்துக்கும் நடுவே 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டும் இடத்தைப் பழைய மாட்டின் பக்கம் 5 சென்டிமீட்டர் நகர்த்தினால், பழைய மாட்டுக்கு 55 பங்கும் கன்றுக்கு 45 பங்கும் ஆகும். 10 சென்டிமீட்டர் நகர்த்தினால் அறுபதுக்கு நாற்பது. தராசுக் கணக்குதான். செலவில்லாத உதவி.

வண்டியில் முன்பாரம் ஏறினால் கழுத்தை அமுக்கும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். இரண்டும் இல்லாமல் நுகத்தடி கழுத்தில் இலேசாக உட்கார்ந்திருக்கும்படி பாரம் ஏற்ற வேண்டும்.

கழுத்தைப் பாருங்கள்

நுகத்தடியை அவிழ்த்ததும் முதல் வேலை கழுத்தைத் தடவிப் பார்ப்பது. சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, முடி தேய்ந்திருக்கிறதா? இருந்தால் முழுதாக வாடும் வரை பூட்டக் கூடாது. வீங்கிய கழுத்தில் மறுநாளும் பூட்டினால் அது புண்ணாகும். புண்ணுக்கு மேல் பூட்டினால் கன்று சண்டியாகும். கட்டையில் சிலும்பு, ஆணி, முடிச்சு எதுவும் இல்லாமல் இழைத்து எண்ணெய் பூசிவையுங்கள். வேர்வையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சண்டித்தனமா, நோவா?

ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “ஏனுங்க சார், இந்தக் கன்னு முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தான் போச்சுங்க. இப்போ எட்டு வெக்க மாட்டேங்குது. அடி பத்தலைங்களா?” தொடையைத் தொட்டுப் பார்த்தேன். வீங்கி, கொதித்துக்கொண்டிருந்தது. அழுத்தினால் உள்ளே நரநரவென்று சத்தம். அது சப்பை நோய். நன்றாக வளர்ந்து வரும் இளங்கன்றுகளைத்தான் இந்த நோய் தேடிப் பிடிக்கும். இரண்டே நாளில் கொன்றுவிடும். அதை அடித்து என்ன பயன்?

ஆகவே பழகி வந்த கன்று திடீரென்று மறுத்தால், குச்சியை எடுக்காதீர்கள். முதலில் கழுத்து, பிறகு மூக்கு, நாலு குளம்பின் இடுக்கு, தோள், தொடை, வாய் எல்லாவற்றையும் பாருங்கள். முள்ளோ, கல்லோ, கோமாரிக் கொப்புளமோ இருக்கும். காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவர். ஒன்றுமே இல்லை என்றால், முதல் நாள் என்ன நடந்தது என்று யோசியுங்கள். வண்டி சாய்ந்ததா? நாய் துரத்தியதா? எந்த வாரப் பாடத்தில் பயந்ததோ, அதற்கு முந்தின வாரப் பாடத்துக்குத் திரும்பிப் போங்கள். மூன்று நாள் பின்னால் போனால், பத்து நாள் முன்னால் வரலாம்.

படுத்துக்கொண்ட கன்றின் வாலை முறுக்குவது, கடிப்பது, மூக்கில் தண்ணீர் ஊற்றுவது, அடியில் வைக்கோலைக் கொளுத்துவது இவையெல்லாம் சில ஊர்களில் வைத்தியம் மாதிரி நடக்கிறது. வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. முறுக்கினால் கணு விலகும். எழுந்திருப்பது வலியால், பழக்கத்தால் அல்ல. நாளைக்கும் படுக்கும். பூட்டை அவிழ்த்து, தானாக எழ விட்டு, பத்தடி நடத்திவிட்டு, இலேசான வேலையாகப் பார்த்துத் திரும்பத் தொடங்குங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இழுவை, பொதி மாடுகளுக்கான 1965-ஆம் வருஷத்து விதிகளின்படி தார்க்குச்சியில் ஆணி வைத்துக் குத்துவது குற்றம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை பூட்டவே கூடாது. இது பல் சேர்ந்த மாட்டுக்கான உச்ச அளவு. கன்றுக்குக் காலை வேளையும் சாயங்காலமும் மட்டும்தான். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி மூச்சு வாங்கினால் உடனே அவிழ்த்து நிழலில் கட்டுங்கள்.

தீனியும் தடுப்பூசியும்

பழக்கும் காலத்தில் வயிறு முட்டத் தின்றதும் பூட்டக் கூடாது. பசியோடும் பூட்டக் கூடாது. காலையில் கொஞ்சம் தட்டு, தண்ணீர், பிறகு பழக்கம், அதன் பிறகு முழுத் தீனி. பழக்கத் தொடங்கும் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஊருக்கே வந்து இலவசமாக ஊசி போடுகிறார்கள். சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் மழைக்கு முன்னால் போட வேண்டும். ஊசி போட்ட பிறகு சில நாள் ஓய்வு கொடுங்கள்.

தார்ச்சாலையில் வேலை இருந்தால்தான் லாடம் தேவை. குளம்புக்கு இரண்டாக மொத்தம் எட்டு. லாடம் கட்டக் கீழே தள்ளிக் கட்டுவதைக் கன்று எளிதில் மறக்காது. ஆகவே நுகத்தடி பழக்கும் வாரத்தில் லாடம் வேண்டாம். முன்னாலோ பின்னாலோ ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயப் பெருமக்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். பல் பார்த்துத் தொடங்குங்கள். மூக்குப் புண் ஆறட்டும். அடி வைத்ததும் கயிற்றைத் தளர்த்துங்கள். ஒரே ஆள், ஒரே சொல். கழுத்தை நாள்தோறும் பாருங்கள். மறுத்தால் முதலில் நோவைத் தேடுங்கள். உங்கள் ஊரில் ஏரோட்டிய பெரியவர் யாராவது இருந்தால், கன்றைப் பழக்கும்போது அவரையும் களத்துமேட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் கையில் இருப்பதை உங்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளட்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.